ஏரிக்கு வந்த வண்டும் ஏரியில் பிறந்த வண்டும்

எங்கள் ஏரி பிழைத்துவிட்டது என்பதற்கு இப்போது ஒரு கறுப்பு வண்டைச் சாட்சி சொல்கிறார்கள். ஐப்பசியில் மழை விட்ட இரவுகளில், புதிதாகப் போட்ட நடைபாதையின் விளக்குக் கம்பங்களுக்கு அடியில் அது தொப்பென்று வந்து விழும். ஓர் அங்குலம் இருக்கும். பச்சை கலந்த கறுப்பு முதுகு, இரண்டு ஓரத்திலும் மஞ்சள் கோடு. பேவர் பிளாக் மேல் அதற்கு நடக்க வராது. பின்னங்கால்களைத் துழாவித் துழாவி ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். “பாத்தீங்களா சார், ஏரி செத்துப்போச்சுன்னு சொல்லிட்டிருந்தீங்க. தண்ணி வண்டெல்லாம் திரும்ப வந்துடுச்சு” என்றார் கூட நடக்கிறவர். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை, வண்டு கண்ணெதிரில் கிடக்கிறது. ஆனாலும் தலையாட்ட மனசு வரவில்லை. அந்த ஒரு வாக்கியம் ரொம்ப நாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஏரி சீரமைப்பு என்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தூர் வாரினார்கள், ஏறத்தாழச் சுற்றிலும் கரை எழுப்பினார்கள், உள்பக்கச் சரிவில் கான்கிரீட் போட்டார்கள், மேலே நடைபாதை, பெஞ்சு, செல்ஃபி எடுக்க ஒரு வளைவு. ஆகாயத்தாமரை போனது, கூடவே கோரையும் அல்லியும் போயின. தண்ணீர் தெளிவாக இருக்கிறது, நாற்றம் இல்லை. நானும் தினமும் அங்கேதான் நடக்கிறேன் என்பதால் முழுக்கக் குறை சொல்லவும் வாய் வரவில்லை.

அந்த வண்டு சிபிஸ்டர் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. நம் பக்கத்து ஏரி, குளம், நெல் வயல் என்று பரவலாக இருப்பது சிபிஸ்டர் டிரைபங்டேட்டஸ் என்ற இனம். முங்கிப் போகும் இந்த வண்டுகளின் குடும்பத்துக்கு டைடிசிடே என்று பெயர். உலகம் முழுக்க 4,000 இனங்களுக்கு மேல் இருக்கின்றன. குடும்பமே ஏறத்தாழ முழு அசைவம். இரண்டு மில்லிமீட்டரில் இருக்கிற பொடிசு முதல் மீன்குஞ்சைப் பிடிக்கிற பெரிசு வரை எல்லாமே தண்ணீருக்குள் வேட்டையாடிப் பிழைக்கிறவை. ஆனால் அவற்றுக்குச் சிறகும் உண்டு, நன்றாகவே பறக்கும். என் சந்தேகம் அங்கிருந்துதான் தொடங்கியது.

பளபளப்பெல்லாம் தண்ணீர்

குட்டை வற்றினால் மீன் சாகும், நீர்வண்டு கிளம்பிவிடும். இரவில் பறந்து வேறு தண்ணீர் தேடும். அது தண்ணீரைக் கண்டுபிடிக்கிற விதம் நமக்குப் பழக்கமில்லாதது. தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் தெறிக்கிற ஒளியின் அலைகள் பெரும்பாலும் கிடைமட்டமாக அதிரும். நம் கண்ணுக்கு அது தெரியாது; நீர்ப்பூச்சிகளின் கண்ணுக்குத் தெரியும். ஜெர்மனியில் ருடால்ஃப் ஷ்விண்டு என்பவர் 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் இதைப் பூச்சி பூச்சியாகச் சோதித்துக் காட்டினார். அப்படித் தெறிக்கிற ஒளி எங்கே இருக்கிறதோ அங்கே தண்ணீர் என்பது அவற்றின் கணக்கு. பல லட்சம் ஆண்டுகள் அந்தக் கணக்கு தப்பவில்லை. ஏனென்றால் இயற்கையில் அப்படிப் பளபளக்கிற சமதளம் தண்ணீரைத் தவிர வேறு பெரிதாக இல்லை.

அப்புறம் நாம் கார் வாங்கினோம். ஹங்கேரியில் காபோர் ஹோர்வாத்தும் கியோர்கி கிரிஸ்காவும் 2006-இல் ஒரு வேடிக்கையான கேள்விக்குப் பதில் சொன்னார்கள்: நீர்ப்பூச்சிகள் ஏன் சிவப்பு, கறுப்புக் கார்களாகப் பார்த்து இறங்குகின்றன? அடர்நிறப் பளபளப்பு அந்த ஒளியைத் தண்ணீரைவிடச் சுத்தமாகத் தெறிக்கவைக்கிறது. வெள்ளைக் காரில் அந்த ஏமாற்று நடப்பதில்லை. பிறகு சூரியத் தகடுகளும் இதே வேலையைச் செய்வதைக் கண்டார்கள். தகட்டின்மேல் வெள்ளைக் கட்டங்கள் போட்டால் பூச்சிகள் வருவது குறைகிறது என்று 2010-இல் எழுதினார்கள். எங்கள் தெருவில் மழை இரவுகளில் மொட்டை மாடிச் சூரியத் தகட்டில் ஏதோ டப்டப்பென்று விழுகிற சத்தம் கேட்கும். ஆலங்கட்டி என்று ஒருவர், பக்கத்து வீட்டுப் பையன் கல் விடுகிறான் என்று இன்னொருவர். காலையில் ஏறிப் பார்த்தால் மல்லாந்து கிடக்கும் இந்த வண்டுகள்.

இதை வைத்துப் பார்த்தால் விளக்குக் கம்பத்தடியில் வண்டு கிடப்பது எதற்குச் சாட்சி? எங்கேயோ ஒரு தண்ணீரில் அது பிறந்தது, பறந்தது, விளக்கைப் பார்த்து இறங்கியது. அவ்வளவுதான். சூரியத் தகட்டில் வண்டு விழுகிறது என்பதற்காக என் மொட்டை மாடியை யாரும் ஈரநிலம் என்று சொல்லப்போவதில்லை.

வாலில் மூச்சு

கம்பத்தடியில் கிடந்த ஒன்றைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஏரித் தண்ணீர் பிடித்து, ஒரு கொத்து வேலம்பாசியோடு மேசைமேல் வைத்திருந்தேன். கையில் எடுத்தபோதே கழுத்துப் பக்கத்திலிருந்து பால் மாதிரி ஒன்று கசிந்தது. விரலில் பட்ட வாடை சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. ஹெர்மன் ஷில்ட்க்னெக்ட் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1960களில் இந்தக் குடும்பத்து வண்டுகளின் கசிவைப் பிரித்துப் பார்த்தபோது, முதுகெலும்புள்ள பிராணிகளின் அட்ரினல் சுரப்பியில் இருக்கிற ஸ்டீராய்டு அதில் இருந்தது. வண்டை விழுங்கப் பார்க்கிற மீனுக்கும் தவளைக்கும் அது வைத்திருக்கிற மருந்து. விழுங்கிய மீன் கக்கிவிடும்.

தண்ணீரில் விட்டதும் அது வேறு பிராணியாகிவிட்டது. தரையில் தட்டுத்தடுமாறிய அதே பின்னங்கால்கள் இரண்டும் ஒரே நேரத்தில் பின்னால் உதைத்தன. உதைக்கும்போது காலோரத்து முடிகள் விரிகின்றன, முன்னால் இழுக்கும்போது மடிந்துகொள்கின்றன. என்னிடம் இருந்தது ஆண். முன்கால் பாதம் அகன்று வட்டத்தட்டு மாதிரி இருந்தது, லென்ஸ் வைத்துப் பார்த்தால் அடியில் வரிசை வரிசையாக ஒட்டும் முடிகள். வழுவழுப்பான பெண் முதுகில் ஒட்டிக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு. பெண்ணுக்கு இது சுகமான சமாச்சாரம் இல்லை. மேலே இருக்கிற ஆண் சௌகரியமாகக் காற்று வாங்கும், கீழே மாட்டிய பெண் மூச்சுக்குத் திணறும். ஐரோப்பிய டைடிஸ்கஸ் இனங்கள் சிலவற்றில் பெண்களின் முதுகில் நீள நீளமாகப் பள்ளக் கோடுகள் உண்டு. ஆணின் பிடி சரியாக ஒட்டக்கூடாது என்றே அவை உருவாயின என்று ஸ்வீடனின் யோஹானஸ் பெர்க்ஸ்டனும் கூட்டாளிகளும் 2001-இல் வாதிட்டார்கள்.

மூச்சு விஷயத்துக்கு வருகிறேன். வண்டு கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தலைகீழாக மேலே வந்து, பின்நுனியை மட்டும் தண்ணீருக்கு வெளியே நீட்டும். கெட்டியான மேல்சிறகுக்கும் வயிற்று முதுகுக்கும் நடுவில் ஒரு காற்றறை இருக்கிறது, மூச்சுத் துளைகள் அதற்குள்தான் திறக்கின்றன. அதை நிரப்பிக்கொண்டு கீழே போகும். சில சமயம் வால்நுனியில் ஒரு குமிழி வெள்ளி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் குமிழி வெறும் சேமிப்பு அல்ல. உள்ளே ஆக்சிஜன் தீரத் தீர, தண்ணீரில் கரைந்திருக்கிற ஆக்சிஜன் குமிழிக்குள் ஊறி வரும். நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும் என்பதால் அதுவரை குமிழி சுருங்கிவிடாமல் தாங்கும். டென்மார்க்கின் ரிச்சர்டு எகே 1910களில் செய்த சோதனையில், நைட்ரஜன் இல்லாமல் சுத்த ஆக்சிஜனை நிரப்பிக்கொண்ட நீர்ப்பூச்சிகள் சாதாரணக் காற்றோடு முங்கியவற்றைவிடச் சீக்கிரமே செத்தன. மூச்சுக்கு உதவாத வாயுதான் மூச்சைக் காப்பாற்றுகிறது. ஆனால் குமிழி செய்கிற இந்தச் செவுள் வேலை சின்ன வண்டுகளுக்கே முழுசாகக் கைகொடுக்கும். சிபிஸ்டர் மாதிரிப் பெரிய உடம்புக்கு, அதுவும் நம் ஊர் வெதுவெதுப்பான தண்ணீரில், அடிக்கடி மேலே வராமல் முடியாது.

இதை ஆய்வகத்துக்கு வெளியே நன்றாகத் தெரிந்து வைத்திருப்பவர்கள் மீன்குஞ்சுப் பண்ணைக்காரர்கள். கெண்டை நுண்குஞ்சுகளை நாற்றங்கால் குளத்தில் விடுவதற்கு முன்னால், ஹெக்டேருக்கு 18 கிலோ சலவை சோப்பும் 56 கிலோ மலிவு எண்ணெயும் கலந்து தெளிக்கச் சொல்வது நம் நாட்டு மீன்வளர்ப்பில் பழைய பாடம். குஞ்சு விடுவதற்கு 12 முதல் 24 மணி நேரம் முன்பு, காற்றில்லாத வேளையாகப் பார்த்துத் தெளிக்க வேண்டும். தெரிந்த பண்ணைக்காரர் ஒருவரிடம் ஏன் காற்றில்லாத வேளை என்று கேட்டேன். “காத்தடிச்சா ஏடு கிழிஞ்சிடும்ணே. கிழிஞ்ச இடத்துல மூக்க நீட்டி மூச்சு வாங்கிப் பொழச்சிக்கும்” என்றார். நீட்டுவது மூக்கு இல்லை, வால். ஆனால் விஷயம் அவ்வளவேதான். எண்ணெய் ஏடு விஷம் வைத்துக் கொல்வதில்லை, மேலே வரும் வழியை அடைக்கிறது. இந்த வண்டுகள் அவருக்குப் பரம எதிரி. லட்சக்கணக்கில் விட்ட குஞ்சு ஒரு வாரத்தில் காணாமல் போனதைக் கண்டவர் அவர். நீர்வண்டு மனிதனின் நண்பன் என்று அவரிடம் போய்ப் பேச முடியாது, நானும் பேசவில்லை.

புழு

அவர் பயப்படுவது வண்டைவிட அதன் புழுவுக்கு. நீர்ப்புலி என்று அதற்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. நீண்டு, வாலில் ஒடுங்கி, தட்டைத் தலையும் அரிவாள் போல வளைந்த இரண்டு தாடைகளும் உள்ள உருவம். ஊருக்கு வெளியே இன்னும் யாரும் அழகுபடுத்தாத ஒரு தாங்கல் இருக்கிறது. அங்கே கோரை ஓரமாகக் குந்தி உட்கார்ந்தால் பார்க்கலாம். வால்நுனியைத் தண்ணீர்ப் பரப்பில் ஒட்டி, தலை கீழாக, அசையாமல் தொங்கும். ஒருமுறை தட்டான் லார்வா ஒன்று பக்கத்தில் வந்தது. புழு திரும்பியதை நான் பார்க்கவில்லை. பார்த்தபோது தாடைகள் ஏற்கெனவே அதன் இடுப்பில் இறங்கியிருந்தன. கடித்து மெல்லுகிற வேலையே இல்லை. தாடைக்குள் நுனிவரை ஓடும் ஒரு குழாய் இருக்கிறது. அது வழியாகச் செரிமான நீரை உள்ளே செலுத்தி, இரையின் சதையைக் கரைத்து, திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். தட்டானின் வயிறு கொஞ்சம் கொஞ்சமாக நிறம் வெளுத்துக் கண்ணாடியாவது தெரிந்தது. கடைசியில் கைவிட்டபோது மிதந்து வந்தது வெறும் தோல்.

சிபிஸ்டர் புழு பிறந்த நாளிலிருந்தே மீனும் தலைப்பிரட்டையும் தின்னும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஜப்பானில் ஷின்யா ஓபா செய்த ஆய்வுகளில் சில சிபிஸ்டர் இனங்களின் சின்னப் புழுக்கள் பூச்சிகளையே தேடிப் பிடித்தன, அதிலும் தட்டான் வகைகளை. அப்படியானால் இந்தப் புழு பிழைக்க வெறும் தண்ணீர் போதாது, தட்டான்கள் பெருகுகிற அளவுக்குச் செடி உள்ள தண்ணீர் வேண்டும். முட்டையே செடித் தண்டுக்குள்தான் இடப்படுகிறது. எங்கள் ஏரியில் தண்டு எங்கே இருக்கிறது? இருந்தாலும் வடமேற்கு மூலையில் ஒப்பந்தக்காரர் விட்டுவைத்த ஒரு திட்டுக் கோரையில் முட்டை இட்டிருக்கின்றன போலிருக்கிறது. அது எனக்குத் தெரியவந்தது கார்த்திகையில் ஒரு காலை.

நடைபாதையிலிருந்து கீழே பார்த்தபோது கான்கிரீட் சரிவில் ஈரக் கோடு ஒன்று மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. அதன் நுனியில் ஒரு புழு. முழு வளர்ச்சி, இரண்டு அங்குலம் இருக்கும். தண்ணீரில் அவ்வளவு லாகவமாக இருக்கிற உடம்பு வெளியே இழுபடுகிறது. ஆறு மெல்லிய கால்களும் அந்தக் கனத்தைத் தாங்கவில்லை. கொஞ்சம் ஏறும், நிற்கும், தாடையால் சிமென்டைத் தொட்டுப் பார்க்கும், பக்கவாட்டில் நகர்ந்து இன்னொரு இடத்தைத் தொடும். பலகைகளுக்கு நடுவில் தார் ஊற்றிய இணைப்பு ஒன்று இருந்தது, அதை ரொம்ப நேரம் குடைந்தது. அது தேடியது மண். இரண்டு முறை தோல் உரித்து, மூன்றாம் பருவத்தில் முழுதாக வளர்ந்ததும் சிபிஸ்டர் புழு தண்ணீரை விட்டு வெளியே வந்தாக வேண்டும். கரையோர ஈரமண்ணைத் துளைத்துள்ளே போய், ஓர் உருண்டை அறை செய்து, அதற்குள் கூட்டுப்புழுவாகக் கிடக்கும். வண்டாகி, ஓடு இறுகி, பிறகுதான் மறுபடி தண்ணீருக்கு. தண்ணீரிலேயே வாழும் பிராணி என்று நாம் நினைப்பதன் வாழ்க்கையில் ஒரு பங்கு மண்ணுக்குள் நடக்கிறது. அந்தப் பங்கு இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

வெயில் ஏறியது. எறும்புகள் வந்துவிட்டன. அதை எடுத்துப்போய் அந்தக் கோரைத் திட்டின் சேற்றோரம் விட்டேன். ஒன்றை விடலாம். அதற்குப் பிறகு காலை நேரங்களில் சரிவைப் பார்த்துக்கொண்டே நடந்ததில், இணைப்புக் கோடுகளில் காய்ந்து சுருண்டு கிடந்த மற்றவை கண்ணில் பட்டன. அதுவரை குப்பை என்று கடந்துபோயிருந்த கறுப்புத் துணுக்குகள்.

கூட நடப்பவருக்கு அன்றைக்குத்தான் பதில் கிடைத்தது. விளக்குக்கு வந்த வண்டு ஏரிக்கு வந்த விருந்தாளி. அது இங்கே முட்டையும் இடக்கூடும், புழு வளரவும் கூடும். ஆனால் இங்கேயே பிறந்த வண்டு ஒன்று இந்தத் தண்ணீருக்குள் திரும்பி இறங்காதவரை ஏரி பிழைத்ததாக நான் ஒப்பமாட்டேன். சொல்லப்போனால் வண்டு வராமல் இருந்திருந்தாலே தேவலை. தண்ணீர் பளபளத்து அழைக்கிறது, நம்பி இறங்குகிறது, அதன் சந்ததி சிமென்டில் முடிகிறது. சூரியத் தகடு ஒரு வண்டைக் கொல்லும், இப்படி ஓர் ஏரி தலைமுறையைக் கொல்லும். ஜப்பானில் ஒரு காலத்தில் நெல் வயல் எங்கும் இருந்த சிபிஸ்டர் சைனென்சிஸ் இன்று அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. பூச்சிமருந்து, வெளியிலிருந்து வந்த மீன்கள் என்று காரணம் அடுக்கும்போது, வாய்க்காலுக்கும் குளத்துக்கும் கான்கிரீட் பூசியதையும் அங்கே சேர்த்தே சொல்கிறார்கள்.

தொட்டி

நம் பழைய ஏரிகளிலும் கல் பதித்திருக்கிறார்கள், அதை மறைக்கவில்லை. ஆனால் எங்கே பதித்தார்கள் என்று பாருங்கள். கரை இருக்கிற பக்கம், அலை வந்து அறைகிற இடத்தில். மேட்டுப் பக்கம், தண்ணீர் வந்து சேர்கிற பக்கம், கரையே கிடையாது. நிலம் அப்படியே சாய்ந்து தண்ணீருக்குள் போகும். மழையில் தண்ணீர் அந்தப் பக்கம் விரியும், தை, மாசியில் பின்வாங்கும், பின்வாங்கிய சேற்றில் மாடு மேயும், வெள்ளரி போடுவார்கள். அந்தச் சாய்வுதான் கோரைக்கும் தட்டானுக்கும் நாரைக்கும் இந்தப் புழுவுக்கும் இடம். சுற்றிலும் கரை போட்டு ஆழத் தோண்டினால் கொள்ளளவு கூடலாம், ஏரி தொட்டியாகிவிடும்.

தொட்டியானதும் அடுத்து வருவது கொசுப் பேச்சு, அதற்கு மருந்தாகக் கொசு மீன். கம்பூசியா 1928-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் இனங்கள் என்று போட்ட பட்டியலில் அதன் பெயரும் உண்டு. அது கொசுப் புழுவை மட்டும் பார்த்துத் தின்பதில்லை. வாய்க்குள் போகிற எதையும் தின்னும், பொரித்த சின்ன வண்டுப் புழு உட்பட. எங்கள் ஏரியிலும் பைபையாகக் கொண்டுவந்து விட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது தேங்காய்ச் சிரட்டையிலும் டயரிலும் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டிலும். எங்கள் தெருவில் இரவில் கடிக்கிற கியூலெக்ஸ் சாக்கடையில் பிறப்பது. திறந்த ஏரியில் மீன் விட்டு இந்த இரண்டையும் எப்படிக் குறைப்பது என்று கேட்டால், “மேலிடத்து உத்தரவு” என்றார்கள். கொசுவுக்கு வண்டே மருந்து என்று நான் எதிர்வாதம் செய்யவில்லை. நீர்வண்டுப் புழு கொசுப் புழுவை நிறையத் தின்னும், ஆனால் அது கிடைப்பதைத் தின்கிற பிராணி, யாருக்கும் வேலையாள் அல்ல.

அந்தக் கோரைத் திட்டுப் பக்கம்தான் மேட்டுப் பக்கம். போன கட்டத்தில் பணம் போதாமல் கரை அங்கே முடியாமல் நின்றது. இந்தக் கோடையில் மிச்சத்தையும் மூடிச் சுற்றுப்பாதையை இணைத்துவிடத் திட்டம். வேலையைப் பார்க்கிற பொறியாளரைப் போய்ப் பார்த்தேன். பொறுமையான மனிதர், செல்போனில் இருந்த புழுப் படங்களை எல்லாம் பெரிதாக்கிப் பார்த்தார். மண் கரை அரித்துக்கொண்டு போய்விடும் என்றார். அலை அறைவது கிழக்குக் கரையில், மேட்டுப் பக்கம் காற்றுக்கு மறைவு, அங்கே எதுவும் அரிக்கவில்லை என்றேன். அதையும் ஒத்துக்கொண்டார். “சரி சார், ஆனா வண்டுக்கு எடம் விடறோம்னு எஸ்டிமேட்ல எப்படி எழுதறது?”

“எழுதவே வேண்டாம் சார். அந்தப் பக்கம் கரை, கான்கிரீட், பேவர் எதுவும் வேண்டாம்னு விட்டுட்டாலே போதும். செலவும் குறையும்.”

“செலவு குறையும்” என்று திருப்பிச் சொல்லிச் சிரித்தார். “அதைத்தான் சார் மேல கொண்டுபோய்ச் சொல்ல முடியாது.”